கோச்சைத் தூக்குவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தடுமாறும் கால்பந்துக் கோச்சை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர்கள் மோதிக்கொள்வதைத் தொடர்ந்து படித்து வருகிறோம். 'பெர்குசனுக்கு எத்தனை வருஷம் கொடுத்தார்கள் தெரியுமா' என்பது ஒரு கட்சி. 'மூணு மேட்ச் தோற்றால் மூட்டையைக் கட்டு' என்பது இன்னொன்று. உக்கடம் டீக்கடையிலும் சரவணம்பட்டி டர்ஃபிலும் இதே இரண்டு கட்சிகள்தான். எந்தத் தேதியில் அனுப்புவது, அடுத்து வருகிறவர் கையில் எந்த ஆட்டக்காரர்களைக் கொடுப்பது என்று இரண்டு தரப்பிலும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கிளப்புகள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

முதலில் பெர்குசன் கதையை ஓரங்கட்டிவிடலாம். 1986 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்குக் கோச்சாக வந்தார். 1988-89இல் 11ஆம் இடம், அடுத்த சீசனில் 13ஆம் இடம். 1990இல் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி) வந்தது, லீக் பட்டம் 1993இல்தான் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அன்றைக்கு டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது ஆட்டக்காரர்களை வாங்க அனுமதிக்கும் குறிப்பிட்ட காலம், என்ற ஒன்றே இங்கிலாந்தில் கிடையாது, அது 2002-03 சீசனில் வந்தது. 1989இல் சீசன் ஆரம்பித்த பிறகுதான் பாலிஸ்டர், இன்ஸ், வாலஸ் மூவரையும் பெர்குசன் வாங்கினார். இன்றைக்குச் செப்டம்பர் தொடக்கத்தில் கதவு மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். நடுவில் நாலு மாதம், கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் பெர்குசனுக்குக் கொடுத்த பொறுமையை இன்றைய கோச்சுக்கும் கொடு என்பது பொருந்தாத கணக்கு.

அதே கிளப்பின் சமீபத்திய கதையைப் பார்த்தால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும். 2023-24இல் லீக்கில் 8ஆம் இடம். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் பிறந்ததிலிருந்து அதுவரை யுனைடெட் அவ்வளவு கீழே முடித்ததில்லை. ஆனால் மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றுவிட்டார்கள். அந்த ஒரு மாலை மயக்கத்தில் ஜூலையில் கோச் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் அவரிடம் ஆடிய டி லிக்ட்டையும் மஸ்ராவியையும் ஆகஸ்டில் வாங்கிக் கொடுத்தார்கள். அக்டோபர் 28 அன்று, 9 ஆட்டத்தில் 11 புள்ளி, 14ஆம் இடம் என்ற நிலையில் அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கணக்குத் தீர்க்க 10.4 மில்லியன் பவுண்டு ஆனது என்று கிளப்பின் நிதி அறிக்கையே சொன்னது. அடுத்து ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து ரூபன் அமோரிமை எடுக்க 11 மில்லியன் யூரோ. அதில் ஒரு மில்லியன், 30 நாள் நோட்டீஸைக் குறைப்பதற்கு மட்டும். சீசன் முடிந்து வருகிறேனே என்று அவர் கேட்டிருந்தார், கிளப் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலையில் கையெழுத்து, அக்டோபரில் வெளியேற்றம். டென் ஹாக் நல்ல கோச்சா இல்லையா என்பதை விடுங்கள், இந்த இரண்டு தேதிகளுக்கும் பொறுப்பு யார்?

நவம்பர் 11 அன்று அமோரிம் வேலையில் சேர்ந்தார். அவர் ஆடவைப்பது 3-4-3, அதாவது பின்னால் மூவர், நடு வரிசையில் நால்வர், முன்னால் மூவர். கையில் கிடைத்ததோ பின்னால் நாலு பேர் நின்று ஆடுவதற்காக வாங்கிய அணி. சோமனூரில் தறி ஓட்டுகிறவர் யாரும் பாவு (நெடுக்கு இழைகள்) பாதி ஓடும்போது, அந்த இழைகள் கோத்திருக்கும் அச்சை மாற்றமாட்டார். மாற்றினால் ஒவ்வொரு இழையையும் திரும்பப் பிணைக்க வேண்டும், அதுவரை தறி நிற்கும். கால்பந்தில் தறியை நிறுத்தவும் முடியாது, ஆட்டம் வாரத்துக்கு இரண்டு வந்துகொண்டே இருக்கும்.

அந்த 3-4-3 எங்கே கிழிந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நடு வரிசை நால்வரில் இருவர் விங் பேக்காக ஓரங்களில் ஓடுவதால், மைதானத்தின் நடுவில் இந்த முறையில் நிற்பவர்கள் இரண்டே பேர். எதிரணி 4-3-3 ஆடினால் அங்கே மூவர். அந்த மூன்றாவது ஆளை யார் பிடிப்பது? முன்னால் நிற்கும் இரண்டு உள் ஃபார்வர்டுகளில் ஒருவர் இறங்கி வர வேண்டும், அல்லது பின்னால் நிற்கும் மூவரில் ஓரத்தில் இருப்பவர் மேலே ஏற வேண்டும். ஃபார்வர்டு ஒரு நொடி தாமதித்தாலும் பந்து அந்த மூன்றாவது ஆளிடம் போய்விடும், அவர் திரும்பி முன்னால் பார்த்துவிடுவார். உடனே நம் மிட்ஃபீல்டர் ஒருவர் அவரை நோக்கி ஓடுவார், அவர் விட்டுவந்த இடம் காலி. இதே நேரத்தில் விங் பேக் எதிரணியின் ஃபுல் பேக்கை (ஓரத் தடுப்பாளரை) நெருக்க மேலே போயிருப்பார், அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணியின் விங்கர் (ஓர ஃபார்வர்டு) ஓடுவார். அவரைப் பிடிக்க ஓர சென்டர் பேக் (பின் மூவரில் ஓரத்தில் இருப்பவர்) மைதான ஓரக்கோடுவரை இழுபடுவார். இப்போது பெனால்டி பாக்ஸுக்குள் நம் ஆட்கள் இரண்டு பேர், வருகிறவர்கள் மூன்று பேர். ஹைலைட்ஸில் நமக்குத் தெரிவது கடைசியில் சறுக்கி விழுந்த சென்டர் பேக் மட்டும். டீக்கடையில் திட்டு வாங்குபவரும் அவரே. பிழை நாலு பாஸ் முன்னால், ஒரு ஃபார்வர்டின் காலில் நடந்தது.

இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு நாள் வேண்டும். ஜூலை தொடக்கத்திலிருந்து ஆறு வாரம் கிடைத்தால் அணிக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். நவம்பரில் வந்தவருக்கு அது கிடைக்காது. வியாழன் இரவு யூரோப்பா லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டி) ஆடினால் வெள்ளி உடம்பு ஆற்றிக்கொள்ளப் போகும். சனிக்கிழமை கார்னர், ஃப்ரீ கிக் ஒத்திகையோடு சரி. ஞாயிறு மறுபடி ஆட்டம், திங்கள் மறுபடி ஓய்வு. புதன் மறுநாள் ஆட்டத்துக்கான ஒத்திகை. முழு வேகத்தில் பயிற்சி கொடுக்க மிஞ்சுவது செவ்வாய் ஒன்றுதான். நாடுகளுக்கான ஆட்டம் என்று லீக் இரண்டு வாரம் நின்றாலும் பாதி அணி தங்கள் நாட்டுக்கு ஆடப் பறந்திருக்கும். இடது விங் பேக்குக்கென்று டோர்குவை வாங்கவே 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. சீசன் 42 புள்ளியோடு 15ஆம் இடத்தில் முடிந்தது. யூரோப்பா இறுதியில் டாட்டன்ஹாமிடம் 0-1. அடுத்த ஆகஸ்டில் நாலாம் நிலை லீக்கில் ஆடும் கிரிம்ஸ்பியிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் 12-11 என்று தோல்வி. 2026 ஜனவரியில் அமோரிமும் போனார். ஒரு கோடைக்காலம் முழுசாகக் கிடைத்த பிறகும் அந்த நடுமைதான ஓட்டை அடைபடவில்லை, இரண்டு பேர் மூன்று பேரிடம் திணறியபோதும் அவர் முறையைத் தளர்த்தவில்லை. அது அவருடைய குற்றம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முதல் ஏழு மாதத்தை அவர் தலையில் எழுதுவது நியாயமில்லை.

முறையே தப்பு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜனவரியில் செல்சீ கிளப் கோச் லாம்பார்டை அனுப்பிவிட்டு டுகெலைக் கொண்டுவந்தது. அவரும் சீசன் நடுவில் வந்தவர், அவரும் பின்னால் மூவரை நிறுத்தினார். முதல் 14 ஆட்டத்தில் தோல்வியே இல்லை, மே மாதம் ஐரோப்பாவின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் வந்தது. காரணம், அந்த முறைக்கு வேண்டிய ஆட்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். விங் பேக்காக ஓட சில்வெல், ரீஸ் ஜேம்ஸ். ஓர சென்டர் பேக்காக அஸ்பிலிக்வேட்டா, ரூடிகர். நடுவில் இரண்டு பேர் நின்றாலும் அதில் ஒருவர் கான்டே, அவர் மூன்றாவது ஆளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஆக, நடு சீசனில் மாற்றவே கூடாது என்பதும் சரியல்ல. ஆட்கள் பொருந்தினால் மாற்றலாம். பொருந்தாமல் மாற்றியதற்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் சாட்சி. பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குதல் ஆடப் பழகிய அணியை 2025 செப்டம்பரில், டிஃபென்ஸை மேலே ஏற்றி நிறுத்தும் போஸ்டகோக்ளூவிடம் கொடுத்தார்கள். 8 ஆட்டத்தில் 2 டிரா, 6 தோல்வி. 39ஆம் நாள் அனுப்பிவிட்டார்கள்.

வைத்துக்கொள்வதிலும் இதே கணக்குதான். 2021-22 சீசனில் ஆர்சனல் முதல் மூன்று ஆட்டமும் தோற்றது. அடித்த கோல் 0, வாங்கியது 9, இருபதில் இருபதாவது இடம். கோச் ஆர்டெட்டாவைத் தூக்கச் சொல்லி அன்றைக்கு எழுந்த சத்தம் கொஞ்சமல்ல. கிளப் அசையவில்லை. அது வெறும் பொறுமை அல்ல, அந்தக் கோடையில் அவருடைய ஆட்டத்துக்கென்றே வாங்கிய ஆறு பேரும் 23 வயதுக்குள், அதில் டோமியாசு கையெழுத்துப் போட்டதே விண்டோ மூடும் நாளில். அவர்களை ஒன்றாக ஆடவிட்டுப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? அந்த சீசன் 5ஆம் இடம், பிறகு தொடர்ந்து மூன்று முறை 2ஆம் இடம்.

சரி, வாரா வாரம் ஒரு கோச்சை எதை வைத்து எடைபோடுவது? புள்ளிப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். எக்ஸ்.ஜி. என்ற கணக்கு இப்போது பல ஸ்கோர் ஆப்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில் போனது என்று பார்த்து, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று போடும் எண் அது. ஒரு பெனால்டிக்கு மட்டும் 0.78 அளவில் வந்துவிடும். அதனால் பெனால்டியைக் கழித்துவிட்டு, கடைசி 10 ஆட்டத்தைக் கூட்டி, நம் அணி உருவாக்கியதையும் எதிரணிக்குக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாம் உருவாக்கியது அதிகமாக இருந்தும் தோற்றுக்கொண்டிருந்தால், கோல் அடிப்பவரும் கோல் கீப்பரும்தான் கவலை, கோச் அல்ல. மூன்று, நாலு ஆட்டத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள், ஒரு ரெட் கார்டே எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

கோச் கைவிட்டுப் போகிறார் என்பதற்கு நாங்கள் நம்பும் அடையாளம் வேறு. எதிரணி தன் பாதியில் எத்தனை பாஸ் போட்ட பிறகு நம்மாட்கள் போய் மோதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சீசனில் பத்துப் பாஸுக்கு ஒரு முறை மோதிய அணி, அதே ஆட்களோடு பதினைந்துக்கு ஒரு முறை மோத ஆரம்பித்தால், கால் ஓடவில்லை அல்லது மனசு ஓடவில்லை. காயப் பட்டியலைப் பாருங்கள். தொடைப் பின்தசைக் காயம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் கால்தான், ஆட்கள் நலமாக இருந்தும் ஓடவில்லையென்றால் டிரெஸ்ஸிங் ரூம் கைவிட்டுவிட்டது. அங்கே யார் வாதாடினாலும் பலனில்லை. மாற்று ஆட்டக்காரர்களை எப்போது இறக்குகிறார் என்பதும் முக்கியம். ஐந்து பேரை இறக்கலாம், இடைவேளை போக மூன்று தடவைதான் ஆட்டத்தை நிறுத்தலாம். எல்லாரும் களைத்துத் தெரியும்போதும் 75ஆம் நிமிடம் வரை கைகட்டி நிற்கும் கோச்சுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

புதுக் கோச் வந்ததும் அணி எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று மறுவாரமே எழுதுகிறோமே, அதிலும் ஒரு மயக்கம் உண்டு. டென் ஹாக் போனதும் இடைக்காலமாக நின்ற வான் நிஸ்டல்ராய் நாலு ஆட்டத்தில் மூன்றை வென்றார், ஒன்று டிரா. அந்த மூன்றில் இரண்டு வெற்றி, அந்த சீசனில் கீழ் லீக்குக்கு இறங்கிப்போன லெஸ்டருக்கு எதிராக. எந்தக் கிளப்பும் கோச்சை மோசமான ஓட்டத்தின் அடியில்தான் அனுப்பும். அங்கிருந்து யார் நின்றாலும் கொஞ்சம் மேலே வந்தே தீரும்.

இதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன என்பவர்கள் நம்ம ஊர் நேரு ஸ்டேடியத்தை நினைத்துப் பார்க்கலாம். இந்தியக் கிளப்புகளின் 2017-18 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணி கோவையில் ஆடி, பத்து அணிகளில் 8ஆவதாக வந்தது. சீசன் முடிந்த பிறகு, அவசரமில்லாமல், சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸைக் கொண்டுவந்தார்கள். பந்தைத் தரையில் வைத்துப் பாஸ் ஆடும் அவர் முறைக்கு ஏற்ற மாதிரி ஸ்பெயினிலிருந்து மான்சி, நெஸ்டர், சான்ட்ரோ, எஸ்லாவா என்று ஆட்கள் வந்தார்கள். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. ஆனாலும் மான்சியின் பெனால்டியும் கௌரவ் போராவின் இரண்டு கோலும் 3-1 என்று முடித்துவைத்தன. 43 புள்ளியோடு பட்டம், ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். அந்த சீசனில் மான்சி மட்டும் 21 கோல். அடுத்த சீசனில் நெஸ்டர் இல்லை. 2020 ஜனவரியில் மான்சியும் ஜப்பானுக்குப் போனார். கோச் அதே அக்பர் நவாஸ்தான், ஆனால் பட்டப் போட்டியில் அணி இல்லை. ஒரே மனிதர் பன்னிரண்டு மாதத்தில் ஆட்டத்தை மறந்துவிட்டாரா என்ன?

ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள். ஆட்ட முடிவு போடும்போது ஸ்கோருக்குக் கீழே எக்ஸ்.ஜி., இலக்கை நோக்கிப் போன ஷாட், காயத்தால் ஆடாதவர்கள் என்று ஒரே ஒரு வரி சேருங்கள். 'நெருக்கடியில் பயிற்சியாளர்' என்ற தலைப்பைக் கொஞ்சம் சுருக்கினாலே அந்த இடம் கிடைத்துவிடும். இன்னொன்று, அட்டவணையில் நேரம். இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், மார்ச் கடைசி ஞாயிறன்று முன்னால் தள்ளுகிறார்கள். அங்கே மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிரில் 8.30. வருஷம் முழுக்க 7.30 என்றே அச்சிட்டால், பாதி சீசன் டிவி முன்னால் ஒரு மணி நேரம் விளம்பரம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர்கள் சிலர்,
பீளமேடு, கோவை.