மரத்தூள் கட்டி உதிர்ந்த கதைக்கு ஒரு பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், கூடவே அடுப்பெரிக்க நீ செய்து பார்த்து, பழந்துணியில் பொதிந்து அனுப்பிய மரத்தூள் கட்டியும் வந்து சேர்ந்தன. கட்டி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பிரித்தபோது பாதி தூளாகத் துணியில் கிடந்தது, மீதிப் பாதி எப்போது உதிரலாம் என்று காத்திருந்தது. சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான் செய்த முதல் தொகுதிக் கட்டிகளின் கதையைக் கேட்டால் நீ இன்னும் சத்தமாகச் சிரிப்பாய். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் சமாசாரம் சுருக்கமாக: இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. எழுத்து பளிச்சென்று தெரிகிறது. இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். முழங்கால் பழையபடியேதான். குனிந்து கட்டி அச்சின் நெம்புகோலை அழுத்துகிற வேலையைப் பையனிடம் விட்டுவிட்டேன். பசை காய்ச்சுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி உன் கட்டிக்கு வருகிறேன். தூளை ஒட்டவைக்கும் பசைக்கு, நூறு கிராம் தூளுக்கு இருபது கிராம் மாவில் ஆரம்பித்து, உதிர்கிறதே என்று முப்பதுக்குப் போனதாகவும், அப்படியும் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அங்கேதான் வழி தவறினாய் என்று நினைக்கிறேன். நிற்காத கட்டிக்கு நாம் எல்லாரும் முதலில் செய்வது மாவைக் கூட்டுவது. ஆனால் பழுது பெரும்பாலும் மாவின் அளவில் இருக்காது.

ஊகமாகச் சொல்லவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீ அனுப்பிய பாதியை இன்னொரு முறை உடைத்து, உடைந்த முகத்தில் காயத்துக்குப் போடும் அயோடினைத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் விட்டுப் பார்ப்போமே, அதே சோதனைதான். மாவு ஒழுங்காகப் பரவியிருந்தால் முகம் முழுக்க ஒரே மாதிரி நீலம் ஏற வேண்டும். உன் கட்டியில் அங்கங்கே கருநீலத் தீவுகள், இடையில் வெறும் பழுப்பு. ஒரு தீவை ஊசியால் கிளறினேன். மிளகளவு உருண்டை, மேல்தோல் மட்டும் வெந்திருந்தது, உள்ளே வெள்ளை மாவு அப்படியே. நீ போட்ட முப்பது கிராமில் பாதியாவது இப்படி உருண்டைக்குள் ஒளிந்துகொண்டு சும்மா இருந்திருக்கும்.

பச்சைத் தண்ணீரில் மாவு கரைவதில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல. கலக்கி வைத்தால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். சூடு ஏறினால்தான் அந்தக் குறுணைகள் நீரைக் குடித்து ஊதி வெடிக்கும், உள்ளேயிருக்கும் அமைலோஸ் என்ற நீளமான மாவுச்சத்து இழைகள் வெளியே வரும். மரவள்ளி மாவு ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரியில் வேகும், சோள மாவு 62 முதல் 72. அரிசி மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். நான் எந்த மாவானாலும் 85 வரை கொண்டுபோய்விடுகிறேன். வெப்பமானி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பால் போல் வெளுத்திருந்த கலவை திடீரென்று கனத்து, கண்ணாடி போலத் தெளியும். அதன் பிறகும் ஐந்து நிமிடம் துழாவிக்கொண்டே இரு.

மாவு கட்டி தட்டாமலிருக்க வழி மிக எளிது: மாவை நேராகக் கொதிநீரில் கொட்டாதே. முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள். அதைக் கொதிக்கிற தண்ணீரில் மெல்லிய தாரையாக ஊற்றியபடி துழாவு. ஒரு பங்கு மாவுக்கு எட்டுப் பங்கு தண்ணீர். ஆறுவதற்கு முன்பே தூளில் கலந்துவிடு. ஆறினால் பசை இறுகும், பிறகு அது ஊடுருவாது, மேலே அப்பிக்கொண்டு நிற்கும்.

மாவுப் பசை மரத்தை இப்படிப் பிடித்துக்கொள்வதற்கு நான் வைத்திருக்கும் விளக்கம் உனக்குப் பிடிக்கும். மாவும் குளுகோஸ் சங்கிலி, மரத்தின் செல்லுலோஸும் குளுகோஸ் சங்கிலி. ஒரே வீட்டுப் பிள்ளைகள், கைகோத்த விதம்தான் வேறு. நடுவிலிருக்கும் தண்ணீர் விலக விலக இரண்டும் நெருங்கி வந்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒட்டுவது என்பதே காயும்போது நடக்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரக் கட்டி உறுதியாகத் தெரிந்தால் அதற்கு அர்த்தமில்லை, தளதளவென்று இருந்தால் பயப்படவும் வேண்டாம்.

பெரிய ஆலைகளில் மாவே சேர்க்காமல் கட்டி செய்கிறார்களே என்று கேட்டிருந்தாய். உண்மைதான். அங்கே அழுத்தம் 100 மெகாபாஸ்கலைத் தாண்டும், சூடும் ஏறும். மரத்திலேயே இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது அதுவே பசையாகிவிடும். நம் கை நெம்புகோல் ஒரு மெகாபாஸ்கல் தந்தாலே பெரிது. அந்த அழுத்தத்தில் லிக்னின் அசையாது.

அளவு விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உன்னிடம் இருக்கிறது. 4 முதல் 8 சதவீதம் மாவு போதும் என்று நீ படித்தது கரித்தூள் கட்டிக்கான கணக்கு. கரியாக்காத பச்சை மரத்தூள் வேறு சாதி. அது பஞ்சு மாதிரி பசையை உறிஞ்சும், அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீண்டும் எழும். எனக்கு 10 சதவீதத்தில் நன்றாக நிற்கிறது. தூள் சொரசொரப்பாக இருக்கிற நாளில் 12. அதற்கு மேல் போட்டதில்லை. சுருள் சீவலை மட்டும் சல்லடையில் தள்ளிவிடு, அதுதான் உள்ளேயிருந்து கட்டியைப் பிளக்கும். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே, நுண்தூளும் குருணையும் கலந்து இருப்பது நல்லது. அழுத்திய உடனே நெம்புகோலை விட்டுவிடாதே. அறுபது எண்ணு. அந்த ஒரு நிமிடத்தில் தூள் தன் முரண்டை விட்டுவிடும்.

அச்சிலிருந்து வடியும் நீரையும் கொஞ்சம் கவனி. விரலிடையில் தேய்த்தால் வழுவழுப்பாக இருந்தால் உன் மாவு அதோடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார், அடர்நீலமாகும். கலவையைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். விரலிடுக்கில் வழியக் கூடாது.

இப்போது என் முதல் தொகுதி. நாற்பது கட்டி, அழகாக வந்தவை. இரண்டு நாள் வெயில் பார்த்ததும் மேலே நன்றாகக் காய்ந்துவிட்டது என்று சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் காளான் வாடை முகத்தில் அடித்தது. எல்லாவற்றின் மேலும் சாம்பல்பச்சைப் பூஞ்சை. அடியில் இருந்தவற்றை எலி குடைந்து தின்றிருந்தது. நாம் பசை என்று நினைப்பது எலிக்கும் பூஞ்சைக்கும் சாப்பாடு, நண்பா! அன்றைக்குப் பிறகு வெயிலில் எத்தனை நாள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று கட்டிக்கு அடையாளம் போட்டு தினம் ஒரே நேரத்தில் எடை போடுகிறேன். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்தது. நடுவில் ஒரு துளை விட்டால் சீக்கிரம் காய்கிறது, எரியும்போதும் அந்த வழியாகக் காற்று ஏறுகிறது. நனைந்தால் மட்டும் தப்பாது. மாவுப் பசைக்குத் தண்ணீரைத் தாங்கும் குணமே கிடையாது.

அவசரத்துக்கு அடுப்பு மேல் வைத்து உலர்த்தலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடு. பத்துக் கிலோ தூள், ஒரு கிலோ மாவு, எட்டு லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வேண்டும், ஆக மொத்தம் 18. சாதாரண அடுப்பு விறகின் வெப்பத்தில் 15 சதவீதத்தைத்தான் உருப்படியாகத் தரும் என்று வைத்தால், 120 மெகாஜூல் அளவுக்கு விறகு எரிக்க வேண்டும். பத்துக் கிலோ கட்டி எரிந்து தருவதே சுமார் 170, 180 மெகாஜூல். மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து அதே பொருளை வாங்குகிறாய். பசை காய்ச்சும் செலவு அப்படியல்ல, முக்கால் கிலோ விறகில் முடிந்துவிடும். உலர்த்துகிற வேலை வெயிலுடையது, அதை விறகிடம் கொடுக்காதே. வெயிலும் காற்றும் வராத நாளில் கட்டி செய்யாமலிருப்பதே மேல். அரைகுறையாகக் காய்ந்ததை எரித்தாலும் நஷ்டம்தான்: 10 சதவீத ஈரத்தில் இருப்பது 30-க்குப் போனால், கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் கால் பங்கு குறைந்துவிடும்.

புகை பற்றி உன் வீட்டில் சொன்ன புகார் நியாயமானது. வீட்டுக்காரம்மா பக்கம்தான் நான். மாவு எரிந்தால் புகை அதிகமில்லை, சாம்பலும் சொற்பம். களிமண் கலந்து கட்டி செய்கிறவர்கள் சாம்பலோடு படும் பாட்டைப் பார்த்தால் மாவின் அருமை தெரியும். ஆனால் பச்சை மரத்தூளின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆவியாகப் பிரியும் பொருள்தான். அது முழுதாக எரியாவிட்டால் புகை, வேறென்ன? வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றை எரிக்கும் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கட்டியை மட்டும் மாற்றிவிட்டு அடுப்பையும் ஜன்னலையும் அப்படியே விட்டால் புகை குறையாது.

தூளை முதலில் கரியாக்கிவிட்டுப் பிறகு கட்டி செய்தால் புகை வெகுவாகக் குறையும். 1920களில் ஹென்றி ஃபோர்டு, கார் செய்யும்போது மிஞ்சிய மரத்துண்டு, தூள் எல்லாவற்றையும் கரியாக்கிப் பொடித்து, மாவுப் பசையில் பிசைந்து கட்டியாக விற்றார் தெரியுமா? கார் விற்ற முகவர்களே கரியும் விற்றார்களாம். அந்த வழியில் மாவும் குறைவாகப் போதும். ஆனால் மரத்தின் வெப்பத்தில் பெரும்பகுதி கரியாக்கும்போதே போய்விடும். இன்னொன்று: கரி புகையாதே தவிர, அது விடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடிய அறையில் கரிக்கட்டி எரிப்பது கூடவே கூடாது.

தூள் எங்கிருந்து வருகிறது என்றும் பார். போன வருடம் ஒரு தச்சுப் பட்டறையில் இரண்டு மூட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தோஷமாகத் தூக்கிவந்து கட்டி செய்து எரித்தால் கண்ணெல்லாம் எரிச்சல். பிறகு விசாரித்தால் பாதிக்கு மேல் பிளைவுட் அறுத்த தூள். அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்கும். கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம் இன்னும் மோசம். சிலவற்றில் ஆர்சனிக்கே உண்டு. இரண்டு மூட்டையையும் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன். இப்போது பலகையை என் கண்ணெதிரே அறுக்கிற இடத்தில் மட்டும்தான் தூள் வாங்குகிறேன்.

மாவு விஷயத்தில் கடைசியாக ஒன்று. நல்ல மாவை வாங்கி எரிக்க எனக்கு மனசு வருவதில்லை. வண்டு விழுந்தது, நாள்பட்டு வாடை வந்தது, கிழங்குத் தோலை அரைத்து வடிகட்டியது, இவையெல்லாம் வெந்தால் அதே பசைதான். வாடை பற்றிக் கவலைப்படாதே, காய்ந்ததும் போய்விடும்.

அடுத்த தொகுதியை இப்படிச் செய்து பார். 8, 10, 12 சதவீதம் என்று மூன்று விதம், வகைக்கு ஐந்து. ஈரமாக இருக்கும்போதே ஆணியால் ஒரு குழி, இரண்டு குழி, மூன்று குழி என்று அடையாளம் போடு. எடை நின்ற பிறகு வகைக்கு இரண்டை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடு. எது எத்தனை துண்டானது என்று எழுதி வை. உன் கையெழுத்து எனக்கு இப்போது தெரிகிறது என்பதால் சுருக்க வேண்டாம்.

ஜெயித்த வகையில் ஒன்றை எனக்கு அனுப்பு. துணியில் பொதிய வேண்டாம், சும்மா ஒரு காகிதப் பெட்டியில் போட்டு அனுப்பு. கிளம்பும்போது இருந்த எடையைப் பெட்டி மேலேயே எழுதிவிடு. தபாலில் அடிபட்டு இங்கே வந்து சேர்ந்ததும் நான் எடை போட்டுச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய ஆய்வகக் கூட்டாளி