கோல்ட் எயார் இன்டேக் கிட் பற்றிய புகார்: ஹட்டனிலிருந்து மூன்றாவது தடவையாக

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

ஜனவரி 24ஆம் தேதி உங்கள் கொழும்புக் கடையில் 138,000 ரூபாய் கொடுத்து வாங்கிய இன்டேக் கிட் (இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை எடுத்துத் தருவதாகச் சொல்லும் குழாயும் பில்டரும்) பற்றி எழுதுகிறேன். எந்தக் கிட் என்று நான் விவரிக்கத் தேவையில்லை, விற்றவர்கள் நீங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை ஏற்கனவே இரண்டு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. எடுத்த அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை. கொழும்புக்கும் இரண்டு தடவை வந்து போய்விட்டேன். தயவுசெய்து இதையாவது முழுதாக வாசியுங்கள்.

என்னுடையது 2006ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 2000 சிசி, டர்போ இல்லாதது. டயர் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார். தாழ்நிலமான அவிசாவளையில் துள்ளிக்கொண்டு போகும், நுவரெலியா வந்ததும் சோர்ந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் அப்படி ஆகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. உங்கள் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது? "மலைப்பாதையில் இழக்கும் பவரை மீட்டுத் தரும், 15 குதிரைவலு கூடும்." அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன். ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

மாட்டிய அன்றே சத்தம் கூடியது. உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் நாள் அந்தச் சத்தத்தில் மயங்கி, கார் வேகமாகப் போவதாகவே நினைத்தேன். மறுநாள் கொட்டகலைப் பக்கம் வழக்கமாக மூன்றாம் கியரில் ஏறும் ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட வேண்டி வந்தது. நான்காவது நாள் இன்ஜின் விளக்கு எரிந்தது.

மார்ச் மாதம் உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பேசியவர் சொன்னதை இங்கே எழுதாமல் மேலே போக என்னால் முடியவில்லை. "அண்ணே, அந்த உயரத்துல எந்தக் கார்தான் இழுக்கும்? தோட்டத்துப் பக்கம் ஓட்ட எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார், கொழுந்து லொறி போதாதா?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. என் அப்பா 31 வருடம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவர். மழையிலும் பனியிலும் அந்த லொறியை ஒரு நாள்கூட வழியில் நிற்கவிடாமல் ஓட்டி, எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். இன்ஜின் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க எனக்குக் கற்றுத் தந்ததும் அவர்தான். பணத்தை விடுங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், எடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த உயரத்தில் எந்தக் காரும் இழுக்காது என்று உங்கள் ஆளே சொல்கிறார் என்றால், பெட்டியில் இருக்கும் வரியை எழுதியது யார்? கடற்கரையோடு ஒப்பிட்டால் நுவரெலியாக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஒரு குழாயும் ஒரு பில்டரும் அதை எப்படி மீட்கும்? காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் இருந்தால்தான் முடியும். இது விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

சரி, குளிர்ந்த காற்றாவது வருகிறதா? காரின் அசல் ஏர் பில்டர் பெட்டி மூடியது, அது வெளிக்காற்றை முன்பக்கத்திலிருந்து எடுக்கிறது. நீங்கள் தந்த கூம்பு பில்டர் பொனட்டுக்குள்ளே திறந்தபடி இருந்து இன்ஜினின் சூட்டைத்தான் உறிஞ்சுகிறது. தலவாக்கலை டவுன் நெரிசலில், காரின் கம்ப்யூட்டரை வாசிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம். வெளியே 18 பாகை, உள்ளே போகும் காற்று 49 பாகை. அசல் பெட்டியோடு அதே இடத்தில் 24தான் காட்டியது. காற்று 10 பாகை சூடானால் ஒட்சிசன் 3 சதவீதம் அளவுக்குக் குறையும். ஓடத் தொடங்கினால் சூடு இறங்கும் என்பீர்கள். எங்கள் ஊரில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வேகம் குறைக்க வேண்டும் ஐயா, இறங்க எங்கே நேரம்? பெட்டியின் படத்தில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு உள்ளே இல்லவே இல்லை. கேட்டதற்கு, "அது தனியாக வாங்க வேண்டியது" என்றார்கள்.

விளக்கு எரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஸ்கேனர் காட்டிய பிழைக் கோட் பி0171, பெற்றோல் கலவை ஐதாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் கராஜ் பாஸ் வெர்னியர் வைத்து அளந்தார். காற்றை அளக்கும் சென்சர் உட்காரும் இடத்தில் உங்கள் குழாய் அசலைவிட 3 மில்லிமீற்றர் அகலம். குழாய் அகன்றால் சென்சரைத் தாண்டும் காற்றின் வேகம் குறையும், சென்சர் குறைத்துக் கணக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் குறைவாகப் பெற்றோல் விடும். காரின் கம்ப்யூட்டரை அதற்கேற்ப டியூன் செய்யாமல் மாட்டக் கூடாத பொருளை, "நேரடியாகப் பூட்டலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறீர்கள்.

முதல் தடவை கிட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டேன். கினிகத்தேனை வளைவுகளில் பனிக்குள் இறங்கி உங்கள் கடைக்கு வந்தால், தொழில்நுட்பப் பொறுப்பாளர் விடுமுறை, காரையும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தொலைபேசியில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டாம் தடவை கிட்டை மாட்டி, காரையே ஓட்டி வந்தேன். பொனட்டைத் திறக்கக்கூட இல்லை. வெளி ஆள் பூட்டியதால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரே வசனம். பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் விற்பவர்கூட பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்பார்.

கடை பூட்டிய நாட்கள், பெற்றோல், கராஜ் செலவு எல்லாம் சேர்த்தால் எனக்கு 5 இலட்சத்துக்குக் குறையாத நட்டம். பந்தயத்துக்குப் பதியும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். இன்ஜினின் ஆயுளில் பாதி போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

உங்கள் நிறுவனத்தைக் கெடுக்கும் நோக்கம் எனக்கு இல்லை. 138,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், அந்தப் பெட்டி வரியை நீக்குங்கள், தொலைபேசியில் பேசியவர் என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிட வேண்டும். எனக்கு ஏப்ரல் 24 வரை நேரம் இருக்கிறது. ஏப்ரல் 20க்குள் பதில் வராவிட்டால் பற்றுச்சீட்டு, ஸ்கேனர் படங்கள், பெட்டி எல்லாவற்றோடும் முறைப்பாடு போகும். சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரமும் கேட்டுவிட்டேன்.

காரில் அசல் பில்டர் பெட்டியை மீண்டும் மாட்டியாகிவிட்டது, விளக்கும் அணைந்தது. உங்கள் கிட் என் கடையில், வந்த பெட்டியிலேயே இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் இனிக் கொழும்புக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஹட்டன்