டிரம்ஸ் ஆசிரியர்களுக்கு: ஆர்ட் பிளேக்கியின் சோலோவைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

மதிப்புக்குரிய டிரம்ஸ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜாஸ் பாடம் வந்ததும் அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் சோலோ (தனி வாசிப்பு) ஒன்றை எடுத்துக்கொடுத்து, அடிக்கு அடி அப்படியே வாசிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சத்தமும் வேகமும் வந்துவிட்டால் பாடம் முடிந்தது. ஆனால் மேடையில் பிளேக்கி பெரும்பாலான நேரம் செய்தது வேறு: டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிக்கிறவர்களைத் தாங்குவதும் தள்ளிவிடுவதும். அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1919இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், முதலில் பியானோ வாசித்தவர். 1944 முதல் 1947 வரை பில்லி எக்ஸ்டைனின் பெரிய இசைக்குழுவில் டிரம்ஸ். அத்தனை பேர் ஊதும் குழுவில், அடுத்த வரி எங்கே விழப்போகிறது என்று டிரம்ஸ்காரர் ஒரு பீட் முன்னாலேயே காட்டியாக வேண்டும். அந்தப் பழக்கம் பிறகு ஐந்து, ஆறு பேர் குழுவிலும் அவரை விடவில்லை.

அவருடைய பிரெஸ் ரோலை, அதாவது குச்சிகளை அழுத்தி இடைவிடாமல் அதிரவிடும் உருட்டலை, எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் கோரஸை (பாட்டின் ஒரு முழுச் சுற்றை) முடிக்கும் கடைசி பாரில் (நான்கு பீட் கொண்ட தாள அளவில்), ஸ்நேரில் (அடியில் கம்பிகள் கொண்ட டிரம்மில்) மெல்லிய சத்தத்தில் தொடங்கி, ஊதிப் பெரிதாகி, அடுத்த கோரஸின் முதல் பீட்டில் பேஸ் டிரம்மோடும் சிம்பலோடும் வந்து இறங்கும். குச்சியைத் தோலில் லேசாக அழுத்தி, அது தானாகத் துள்ள விட வேண்டும்; ஒரு கையின் அதிர்வு அடங்குவதற்குள் மறு கை விழ வேண்டும். அழுத்தம் கூடினால் அதிர்வு செத்து ‘டக்’ என்று நிற்கும். குறைந்தால் ஒவ்வொரு துள்ளலும் தனித்தனியாகக் கேட்கும். ஸ்நேர் கம்பிகளை அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருந்தால் மெல்லிய தொடக்கம் கேட்கவே கேட்காது. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு நகர்ந்தால் சத்தம் பாதி தானாகவே ஏறிவிடும்.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் கையில் இல்லை, காலில். ரோல் தொடங்கியதும் ஹை-ஹேட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலை) மிதிக்கும் கால் நின்றுபோகிறது. சத்தம் ஏற ஏற டெம்போவும் (தாள வேகமும்) ஓடுகிறது. பிளேக்கியின் ஹை-ஹேட் ஒவ்வொரு பாரின் 2, 4ஆவது பீட்டுகளில் ஆணி அடித்ததுபோல் விழும், மேலே என்ன நடந்தாலும் சரி. மெட்ரோனோமை (தாள வேகம் காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 ஒலியில் வைத்து, அந்த ஒலியை 2, 4 என்று எண்ணச் சொல்லுங்கள். டெம்போ நிமிடத்துக்கு 120 பீட் ஆகிவிடும். 12 பார் ப்ளூஸில் 11 பார் ரைடு சிம்பல் (தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய சிம்பல்), 12ஆவது பாரில் மட்டும் ரோல். கால் தடுமாறினால் ரோலைக் கடைசி இரண்டு பீட்டுக்குக் குறையுங்கள். இது சரியாக வராமல் சோலோ பக்கம் போக வேண்டாம்.

கேட்க ஒரே ஒரு பதிவு போதும்: 1958 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஹேக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பதிவுசெய்த, பிளேக்கி குழுவின் ‘மோனின்’. பியானோக்காரர் பாபி டிம்மன்ஸ் எழுதியது. பியானோ அழைக்க, குழு இரண்டே தட்டில் பதில் சொல்லும். லீ மார்கனின் டிரம்பெட் சோலோ முழுக்க டிரம்ஸை மட்டும் கேட்டு, எந்த பாரில் என்ன மாறுகிறது என்று மாணவர் எழுதிவரட்டும்.

எழுதியது பியானோக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். குழுத் தலைவராக பிளேக்கியின் சாமர்த்தியமே அதுதான். பாடல்களை ஹோரேஸ் சில்வர், பென்னி கோல்சன், வேய்ன் ஷார்ட்டர் என்று குழுவிலிருந்தவர்களையே எழுத விட்டார். 1956இல் சில்வர் விலகியபோதும் ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற குழுப் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு புது ஆட்களைச் சேர்த்தார். 1980இல் டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் சேர்ந்தபோது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. 1990இல் இறக்கும்வரை அந்தக் குழுவில் பயின்று வெளியேறித் தனிக்குழு கண்டவர்கள் ஏராளம்.

ஆகவே ஆண்டுவிழா நிகழ்ச்சியில் ஒரு பாட்டையாவது உங்கள் மாணவரே எழுதட்டும். டிரம்ஸ் மாணவருக்கு இசைக்குறிப்புத் தாளைக் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் இரண்டு முறை வாசிப்பதைக் கேட்டுவிட்டு மூன்றாவது முறை சேரட்டும். சோலோ வேண்டுமென்று அவர் அடம்பிடித்தால் எட்டு பார் கொடுங்கள், அதுவும் ஹை-ஹேட் நிற்காமல்.

இப்படிக்கு,
ஜாஸ் டிரம்ஸ் வாசிப்போர் சிலர்