இளையோர் ஸ்பீட்வே சாம்பியன் பட்டப் போட்டி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெற்றோருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒப்புக்கொண்ட பணிகளில் பயிற்சி முகாம்கள் திட்டப்படி நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, நம் உழைப்பையும் உறக்கத்தையும் ஒருசேர வாங்கிக்கொண்ட, மண்தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஸ்பீட்வே பந்தயத்தின் இளையோர் சாம்பியன் பட்டப் போட்டிக்கே ஒதுக்குகிறேன்.

16 வயதுக்கு உட்பட்டோருக்கான 250 சிசி பிரிவில் இப்போட்டியை நடத்தினோம். 16 பேர், 20 ஓட்டங்கள், ஓர் ஓட்டத்துக்கு நால்வர், நான்கு சுற்றுகள் என்ற வழக்கமான அட்டவணையையே பின்பற்றினோம். இந்த அட்டவணைப்படி ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓட்டி, மற்ற 15 பேரையும் தலா ஒரு முறை எதிர்கொள்கிறார்கள். தொடக்கக் கோட்டின் நான்கு இடங்களிலும் ஒரு முறையேனும் நிற்கிறார்கள். முதலிடத்துக்கு 3, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். உள்வட்ட இடம் கிடைத்தவனுக்கே வெற்றி என்று குறைகூறுவோர் இந்த அட்டவணையை ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

ஆனால் தடத்தின் நிலை குறித்து எழுந்த குறையை நான் மறுக்கப்போவதில்லை. முந்தைய இரவு மழை பெய்திருந்தும், காலையில் தண்ணீர் வண்டி வழக்கம்போல் இரண்டு முறை சுற்றிவந்துவிட்டது. தண்ணீர் போதும் என்று சொல்லவேண்டிய பொறுப்பு யாருடையது என்பதை நாம் முன்கூட்டி முடிவுசெய்திருக்கவில்லை. முதல் நான்கு ஓட்டங்களில் உள்வரிசையில் மண் குழைந்து, பின்சக்கரம் பிடிமானம் இன்றிச் சுழன்றதால், இருவர் முதல் வளைவிலேயே விழுந்தனர். பிரேக்கே இல்லாத வண்டியில், இடது காலின் இரும்புக் காலணியைத் தரையில் ஊன்றி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்பவேண்டிய பிள்ளைகளுக்கு மண்தான் நம்பிக்கை. அதை நாம் கெடுத்துவிட்டோம். நல்வேளையாக இருவருக்கும் காயமில்லை. மணிக்கட்டில் கட்டி இயந்திர விசையோடு இணைத்த கயிறு இழுபட்டுக் கழன்றதும் இயந்திரம் அணைந்துவிட்டது. காற்று மெத்தைத் தடுப்பும் தன் வேலையைச் செய்தது. அதன்பின் டிராக்டர் கொண்டு மேல்மண்ணைச் சீவிப் பரப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. பிற்பகலில், சக்கரங்கள் வாரி எறிந்த தளர்ந்த மண் வெளிவிளிம்பில் சேர்ந்து அங்கேயே நல்ல பிடிமானம் உண்டாக, அதை முதலில் கண்டுகொண்டு அகலமாகச் சுற்றி முந்தியவர்களே புள்ளிகளை அள்ளினர். பார்வையாளனாக அதை ரசித்தேன் என்பதையும் செயலாளராக ஒப்புக்கொள்கிறேன்.

தொடக்க நாடாவைத் தொட்டதற்காக ஒரு சிறுவன் தன் கடைசி ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்து அவன் தந்தை எழுத்துவழி முறையிட்டார். நாடா உயருமுன் முன்சக்கரம் அதில் பட்டது நடுவர், கோட்டு அலுவலர் இருவர் கண்ணிலும் பட்டிருந்தமையால், செயற்குழு நடுவரின் முடிவை உறுதிசெய்தது. கிளட்சை ஒரு நொடி முன்னதாக விட்ட பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திடுவது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

பட்டம், சம புள்ளிகள் பெற்ற இருவருக்கிடையே கூடுதல் ஓட்டம் ஒன்றின் மூலம் முடிவாயிற்று. வென்றவர், தோற்றவர் இருவரும் நம் பயிற்சி முகாமில் இருந்து வந்தவர்கள்.

ஆண்டு முழுவதும் மேசைக்கு வந்த மற்றொரு கோரிக்கை, திறமையுள்ள பிள்ளைகளை உடனே மூத்தோர் ஓட்டும் 500 சிசி வண்டிக்கு ஏற்றவேண்டும் என்பது. உலக அளவில் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான பட்டம் 1977இல் ஐரோப்பியப் போட்டியாகத் தொடங்கி, 1988 முதல் உலகப் போட்டியாகி, இன்று எஸ்ஜிபி2 (எஸ்ஜிபி என்பது ஸ்பீட்வே கிராண்ட் பிரி) என்ற பெயரில் நடக்கிறது. அதற்குக் கீழே 250 சிசிக்கு எஸ்ஜிபி3, இன்னும் இளையவர்களின் 190 சிசிக்கு எஸ்ஜிபி4 எனப் படிகள் அமைந்துள்ளன. போலந்து வீரர் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் 2015இல் இளையோர் பட்டம் வென்று, 2019இல்தான் மூத்தோர் உலகப் பட்டத்தை முதன்முதலாகப் பெற்றார். ரஷ்யாவில் பிறந்த வீரர் எமில் சைஃபுத்தினோவ் 2007, 2008 என இருமுறை இளையோர் பட்டம் வென்றும் மூத்தோர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. ஆஸ்திரேலிய வீரர் டார்சி வார்ட் 2009, 2010 ஆண்டுகளில் இளையோர் பட்டம் வென்றார். 2015இல் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு காயமுற்று அவருடைய பந்தய வாழ்வு முடிந்தது. அவர் அவசரப்பட்டார் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு திறமையுள்ளவரும் விழக்கூடும் என்பதால்தான், விழக் கற்றுக்கொள்ளாத பிள்ளையைப் பெரிய இயந்திரத்தில் ஏற்ற நான் இசையவில்லை. செயற்குழுவும் கோரிக்கையைப் பெரும்பான்மையால் தள்ளியது.

வரும் ஆண்டுக்கு இரண்டு ஏற்பாடுகளை முன்மொழிகிறேன். தடத்துக்கு நீர் பாய்ச்சும் முடிவு ஒரே அலுவலரிடம் இருக்கவேண்டும். அவர் சொல்லாமல் தண்ணீர் வண்டி அசையக்கூடாது. எரிபொருள் நிரப்பும் இடத்தில் தண்ணீர் வாளிகள் எப்போதும் நிரம்பியிருக்கவேண்டும். நம் வண்டிகளின் எரிபொருளான மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது, ஆனால் மெத்தனால் நீரில் கலந்துவிடுவதால் தண்ணீரே அதை அணைக்கும். சென்ற முறை அவ்வாளிகளில் ஒன்றைக் கை கழுவக் கொண்டுபோய்விட்டார்கள்.

இவ்விரு முன்மொழிவுகளையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்