சிவப்புப் பேனா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முட்டிவலி போகவில்லை, பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், மற்ற எல்லாரும் சௌக்கியம். போதுமா?

ஒரு வாரமாக எனக்கு டயானா வ்ரீலண்ட் பைத்தியம். 'வோக்' என்கிற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையின் பழைய ஆசிரியை. அதற்கு முன்னால் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழில் இருந்தார். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த முப்பதுகளில், குழந்தையின் பொன்னிற முடியை நுரை போன ஷாம்பெயினில் அலசினால் என்ன என்று அதில் யோசனை எழுதிய மகராசி! நம் ஆபீஸில் பிழை திருத்திய மனிதர், நம் சிவப்புப் பேனா, அவரிடம் அந்த வரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேல்நாட்டுக்கு நேவி ப்ளூ எப்படியோ அப்படி இந்தியாவுக்கு இளஞ்சிவப்பு, இந்தியாவின் நேவி ப்ளூ அதுதான் என்று சொன்னவரும் இவரே. சிரிக்காதே, அந்த அம்மாளுக்குக் கண் இருந்தது. ஒல்லிக்குச்சி மாடல் ட்விக்கியையும் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் மூக்கையும் அழகு என்று துணிந்து போட்டார்.

படப்பிடிப்புக்குக் கணக்கில்லாமல் செலவு. விளம்பரம் குறைந்ததும் 1971-இல் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அந்த நாற்காலிக்கு வந்தவர் கூடவே இருந்த உதவியாளர், கிரேஸ் மிரபெல்லா. ரத்தச் சிவப்பாக இருந்த வ்ரீலண்டின் அறைக்கு வெளிறிய மணல் நிறம் அடித்தார்களாம்.

மிரபெல்லா மட்டமான ஆசிரியர் இல்லை. 4 லட்சம் பிரதியை 12 லட்சமாக்கினார். ஆனாலும் 1988-இல் அன்னா வின்டூரைக் கொண்டுவந்தார்கள். தன் வேலை போன செய்தியே மிரபெல்லாவுக்குத் தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது! நாகரிகத்துக்கென்றே நடக்கும் பத்திரிகைக்கு, அதைச் சொல்வதில் நாகரிகம் இல்லையே என்று அவர் பிறகு குத்திக்காட்டினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. சிவப்புப் பேனாவை வேலையை விட்டு அனுப்பப்போவது எனக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் இடத்தைப் பார்த்துக்கொள்கிறாயா என்று மேலே கேட்டார்கள், தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அவர் என் கட்டுரையில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சுழித்துக் கொடுத்தார். பேசாமல் வாங்கிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள் பியூன் வந்து அவரைக் கூப்பிட்டான். அவர் மேஜை டிராயரில் ஏழு சிவப்பு ரீஃபில் கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் முகம் இல்லை.

வ்ரீலண்டாவது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனார், 1973-இல் ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் ஆடைக் கண்காட்சி நடத்தினார், மறுபடி ஊரே அவரைப் பேசியது. மிரபெல்லாவுக்கு அவர் பெயரிலேயே ஒரு பத்திரிகை கிடைத்தது. நம் ஆளுக்கு? உன் மகள் கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்தியதுதான் அவர் கடைசியாகத் திருத்திய பத்திரிகை என்று நீதானே கேலி செய்தாய். அன்று நானும் சிரித்தேன்.

உன்னிடம் அவர் தொலைபேசி எண் இருக்கும், அனுப்பு. முந்திக்கொண்டு எதையும் சொல்லி வைக்காதே, நானே சொல்கிறேன். அப்புறம், இந்தக் கடிதத்தை மட்டும் அவரிடம் காட்டிவிடாதே. எத்தனை ஒற்று விட்டுப்போயிருக்கிறதோ!

உன்,
மூன்றாம் புரூஃப்