155ஆம் கட்டையில் இறங்கும் அம்மா

நடுவர் குழுவினருக்கும் போட்டி ஒழுங்கமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பாடலாக்கப் போட்டியில் பிள்ளைகளுக்குப் பின்னால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான். வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அதனால் நான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன். போட்டியின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் பழக்கம் உங்களோடு தொடங்கியதும் அல்ல.

அன்றைக்கு 14 பாடல்கள். அவற்றில் 11 பாடல்களில் ‘வந்தாரை வாழவைக்கும் வன்னி மண்’ வந்தது. மண், தாய், கண்ணீர், கனவு, விடியல் என்ற ஐந்து சொற்களையும் குலுக்கிப் போட்டிருந்தால் பாதிப் பாடல்கள் தாமாகவே எழுதி முடிந்திருக்கும். வன்னியை எடுத்துவிட்டுத் திருகோணமலையை வைத்தாலும் எதுவும் இடறாது.

ஒரு மாணவி மட்டும் வேறொன்று எழுதி வந்தாள். அம்மா ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். இருட்டிய பிறகு 155ஆம் கட்டையில், பழைய மைல்கல்லின் எண்ணே பெயராகிப்போன இடத்தில், பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். வீட்டுக்கு வந்ததும் தங்கை அவளுடைய சட்டையில் ஒட்டியிருக்கும் நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றுகிறாள். ‘இன்றைக்கு நீல நூல், நேற்றைக்குச் சிவப்பு’ என்பது பல்லவியின் கடைசி அடி. அம்மாவின் பகல்பொழுதைப் பற்றி அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது அந்த நிறம் மட்டுந்தான். பாட்டு முழுவதிலும் ‘பாசம்’ என்ற சொல் இல்லை, ‘தியாகம்’ இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் தோளைக் குனிந்து பார்த்துத் தட்டிவிட்டதை நான் கண்டேன்.

புள்ளித்தாளில் நீங்கள் எழுதியிருந்தது இது: ‘உள்ளூர்ப் பெயர்களைத் தவிர்த்துப் பொதுவாக எழுதுக. கருப்பொருள் தெளிவில்லை. 155ஆம் கட்டை இசைக்குப் பொருந்தவில்லை.’

கடைசிக் குற்றச்சாட்டுக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது என் தொழில். நூற், றைம், பத், தைந், தாம், கட், டை. ஏழு அசைகள், ஒவ்வொன்றும் நேரசை. மிச்ர சாபு என்ற தாளத்துக்கும் ஏழு எண்ணிக்கைதான்: தகிட தகதிமி. ‘நூற்றைம்பத்’ என்பது தகிட, ‘தைந்தாம் கட்டை’ என்பது தகதிமி. அசைக்கு ஒரு எண்ணிக்கையாகப் போட்டால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சரியாக நிறைகிறது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பஸ் வேகம் தணிந்து நிற்பது போல அந்த அடி கனத்துக் கனத்து வந்து நிற்கும். மெட்டுப் போட்டுப் பார்த்த அன்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைல் கணக்குப் போய்க் கிலோமீற்றர் வந்து இத்தனை காலமான பின்பும் சனங்கள் அந்தப் பெயரை விடாததற்கு இந்தத் தாளமும் ஒரு காரணமோ என்னவோ!

அடுத்தது ‘கருப்பொருள்’. நீங்கள் அதைப் பாட்டின் மையக் கருத்து என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தொல்காப்பியர் கரு என்று எண்ணி வைத்தவை வேறு: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். எல்லாம் ஒரு நிலத்தில் கண்ணுக்கும் காதுக்கும் வாய்க்கும் அகப்படுகிறவை. அந்தக் கணக்கில் பார்த்தால் நீல நூல்தான் கருப்பொருள். பரிசு பெற்ற பாடலின் ‘கானகத்தின் கனிகள்’ எந்தக் கணக்கிலும் சேராது. எங்கள் காட்டில் பாலைப்பழம் என்று ஒன்று இருக்கிறது. தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பாலைப்பழம் தின்ற வாயால் பாட முடியாது என்றாவது அந்தப் பையன் எழுதியிருக்கலாம்.

ஊர்ப்பெயர் போட்டால் பாட்டாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று ஒரு குளமும் விடாமல் அடுக்கியவர்களும் அன்றைக்கு வந்திருந்தார்கள். அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பட்டியல் போல இருந்தது, அதற்கு நீங்கள் புள்ளி குறைத்ததில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் குளம் அங்கே என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி ஒரு பையன் பாடினான். இரணைமடுக் குளத்தின் மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகளைத் திறந்தார்கள் என்ற செய்தி கேட்டுச் சனங்கள் கையில் கிடைத்ததோடு ஓடிய நாட்கள் அவை. ‘வெள்ளம் வந்தது, துயரம் தந்தது’ என்று எழுதியிருந்தான். ஒத்திகையின்போது அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். “ஆட்டுக்குட்டியைக் கட்டிலில் ஏற்றினோம் சேர். அது அம்மம்மாவின் தலையணையைத் தின்றுவிட்டது” என்றான். அதை ஏன் எழுதவில்லை என்றேன். “அதெல்லாம் பாட்டில் வரலாமா சேர்?” என்றான்.

வரக்கூடாது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நீங்கள் மட்டும் அல்ல. இடத்தையும் ஆளையும் பெயர் சொல்லிப் பேசினால் வம்பு வரும் என்று நாங்களே நெடுங்காலம் வாயை அடக்கிப் பழகியவர்கள். பொதுவாகப் பேசுவது எங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பழக்கம் இப்போது புள்ளித்தாளில் ஒரு நிரலாக வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நிரலை எடுத்துவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். அதன் இடத்தில் எதைப் போடுவது என்பதை நீங்களே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் குறிப்பைப் படித்த பிறகு அந்த மாணவி பாட்டைத் திருத்தி எழுதி வந்திருக்கிறாள். ‘அன்னையே, அன்பின் ஒளியே’ என்று தொடங்குகிறது. இலக்கணப் பிழை இல்லை, எதுகை மோனை எல்லாம் இருக்கிறது. பஸ் இல்லை, நூல் இல்லை, தங்கையும் இல்லை. பழைய தாளை எறிந்துவிடச் சொன்னாள். நான் அதை ஆர்மோனியப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த சுற்று சனிக்கிழமை காலையில். எந்தத் தாளுக்கு வாசிப்பது என்று அதற்கு முன் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆர்மோனியம் வாசித்தவன்
கிளிநொச்சி