கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுக்குத் துணைநின்ற எம் ஊராருக்கு நன்றி மடல்

பாப்பாரப்பட்டி வட்டாரத்துத் தாய்மார்களுக்கும், முகாமுக்கு உதவிய பெரியோர்க்கும், உடன் உழைத்த ஆய்வுத் தோழர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் நான் பயிலும் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் உயிரியல் துறை, ஆண்டுதோறும் தன் வளாகத்துக்குள்ளேயே நடத்திவந்த ஆய்வு நாளை, இவ்வாண்டு பிப்ரவரி 4ஆம் நாள், உலகப் புற்றுநோய் நாளன்று, தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்தியது. காலையில் கருப்பைவாய்ப் பரிசோதனை முகாமும், மாலையில் எங்கள் ஆய்வில் கண்டவற்றை ஊராரிடம் தமிழில் எடுத்துச் சொல்லும் கூட்டமும் நடைபெற்றன. அதற்கு முந்தைய மாதம்தான் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நிறைவுற்றது. இரண்டும் நல்லபடியாக முடிந்ததற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு என் தாயாருக்கு, மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் கழிந்த நிலையில், மீண்டும் உதிரப்போக்கு கண்டது. முதலில் காட்டிய இடத்தில் உள்பரிசோதனை எதுவும் செய்யாமல் எட்டு மாதங்கள் சத்து மாத்திரையும் டானிக்கும் மட்டுமே கொடுத்தார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது நோய் கருப்பைவாயைக் கடந்து பரவியிருந்தது. கதிரியக்கச் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அம்மா எங்களோடு இருந்தார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது அந்த மருத்துவமனை என்பதை அங்கே வரிசையில் காத்திருந்த நாள்களில்தான் அறிந்தேன். உயிரியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வரிசையில் நின்றபோதுதான் எனக்கு உறுதிப்பட்டது.

என் முதல் நன்றி, புளி உடைக்கும் வேலையை விட்டுவிட்டு முகாமுக்கு வந்த பெண்களுக்கு உரியது. மாசி பிறக்கப்போகும் நேரத்தில் எங்கள் பக்கத்தில் புளி உடைப்பதும் கொட்டை எடுப்பதும் தொடங்கிவிடும்; எடைக்குக் கூலி என்பதால் அரை நாள் போனால் அரை நாள் கூலி போயிற்று. அப்படியிருந்தும் அவர்கள் நகக்கண்ணில் புளி படிந்த கைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறையின் சன்னல்களைப் பழைய புடவைகளால் மறைத்து, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஒரு விளக்கை வைத்து அதைப் பரிசோதனை அறையாக்கியிருந்தோம். 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் அடைந்த திசு வெண்மையாகத் தெரியும். அந்த நெடியை உணர்ந்த ஒரு பெரியம்மா, “ஏம்மா, ஊறுகாய்க்கு ஊத்தற காடியா இது?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்று சொன்னதும், “அப்போ பயமில்லை” என்று கூறிவிட்டு, வெளியே தயங்கி நின்ற தம் மருமகளையும் அவரே கைப்பிடித்து அழைத்து வந்தார். எங்கள் துண்டறிக்கைகள் சாதிக்காததை அந்த ஒரு சொல் சாதித்தது. அவருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்தப் பெண்களின் இசைவை நான் பெரிதாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் 37 டிகிரி வெப்பத்தில் நாங்கள் நாள்தோறும் வளர்க்கும் ஹீலா செல்கள், 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவரிடம் கேட்காமலேயே எடுக்கப்பட்டவை. அவர் அதே ஆண்டில் காலமானார். அவருடைய செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக்கு மாதிரி எடுக்கும் முன் இசைவுப் படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, வேண்டாம் என்று சொன்னவர்களையும் அதே மரியாதையோடு பரிசோதித்து அனுப்ப வேண்டும் என்பதில் எங்கள் பேராசிரியர் அம்மா சிறிதும் தளராமல் நின்றார்கள். படிவத்தின் கடினமான தொடர்களை எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக் கொடுத்த கிராமச் செவிலியர் அக்காவுக்கும் இதில் சமபங்கு உண்டு.

மாலைக் கூட்டத்தில் திண்டுக்கல் பெண்களைப் பற்றியும் பேசினோம். அந்த மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தன. இதே அசிட்டிக் அமிலப் பரிசோதனை 31,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் செய்யப்பட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களோடு ஒப்பிட, கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. உலக மருத்துவ இதழ்கள் எடுத்துப் பேசும் சான்று ஒன்று, நம்மைப் போலவே காட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் தமிழ்ப் பெண்களால் கிடைத்தது என்று சொன்னபோது கூட்டம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேச நினைத்திருந்த பலவற்றை விட்டுவிட்டு அதையே இன்னும் சற்று நேரம் பேசினேன்.

பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வின் இரண்டாம் ஆண்டில், மாதிரிகள் அடங்கிய பனிப்பெட்டியோடு தருமபுரியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியைச் சுமைப் பகுதியில் வைக்க முடியாது, மடியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னபோது, காரணத்தைக் கேட்ட நடத்துநர் அண்ணன் தம் இருக்கைக்கு அருகிலேயே அதற்கு இடம் ஒதுக்கினார். வாணியம்பாடியில் தேநீருக்கு நிறுத்தியபோது, நான் கேட்காமலேயே, குளிர்பானக் கடையிலிருந்து ஒரு பை நிறையப் பனிக்கட்டி வாங்கி வந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மாதிரிகள் கெடாமல் சென்று சேர்ந்தன. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அவற்றிலிருந்துதான் பிறந்தது.

பள்ளியைத் திறந்து தந்த தலைமையாசிரியர், மின்தடைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்த ஒலிபெருக்கிக் கடைக்காரர், வந்தவர் அனைவருக்கும் ராகிக் களியும் கீரைக் குழம்பும் ஆக்கிப் பரிமாறிய சுய உதவிக் குழுச் சகோதரிகள், அரை நாள் கூலியைப் பிடிக்காமல் விட்ட புளி மண்டி உரிமையாளர்கள் ஆகியோருக்கும், விடுமுறையைத் துறந்து எங்களோடு வந்து, தம் ஆய்வைத் தமிழில் சொல்வதற்காக இரவு முழுவதும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வகத் தோழர்களுக்கும் என் உளமார்ந்த நன்றி. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸ் பெரும்பாலானோர் உடலிலிருந்து தானாகவே நீங்கிவிடும் என்பதையும், நீங்காமல் தங்கினால்கூடப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதையும், அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு என்பதையும், அவர்களுள் இளையவர் நெல் வயலில் களை பறிப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்லி விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன்.

முகாமில் வெண்மை தெரிந்த சிலருக்கு அடுத்த கட்டப் பரிசோதனைக்கான சீட்டு அன்றே கொடுக்கப்பட்டது; அவர்களுள் பெரும்பாலோர் தருமபுரிக்குச் சென்று வந்துவிட்டார்கள். ஹெச்பிவி பரிசோதனையின் முடிவுகள் சென்ற வாரம் வந்தன. அவை மூடிய உறைகளில் கிராமச் செவிலியர் அக்காவிடம் இருக்கின்றன. இன்னும் வாங்கிக்கொள்ளாத சகோதரிகள், புளி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே நேரில் சென்று பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேற்பரிசோதனைக்குத் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் அவரிடமே சொல்லி அனுப்பினால், வரும் ஞாயிறு முதல் பத்து நாள்கள் நான் ஊரில்தான் இருப்பேன், உடன் வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊர் ஆய்வு மாணவி,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்